கண்ணுக்குத் திரை, கைக்குப் பொத்தான்

(சொந்தமாக சிஎன்சி இயந்திரம் கட்டுவோரிடையே ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



இந்த அவையில் லேத் பட்டறை நடத்துகிறவர்கள் இருக்கிறீர்கள். பாலிடெக்னிக் மாணவர்கள் இருக்கிறீர்கள். வேலைக்குப் போய்வந்த பிறகு, வீட்டு ஷெட்டில் ராத்திரி வரை உட்கார்ந்து சிஎன்சி ரூட்டர் கட்டுகிறவர்களும் இருக்கிறீர்கள். சட்டம் வெல்டிங் முடிந்தது, லீனியர் ரயில் பொருத்தியாயிற்று, பால் ஸ்க்ரூ சுற்றுகிறது, மோட்டார் சொன்னபடி கேட்கிறது. ஆனால் அந்த மெஷினை எதை வைத்து ஓட்டுகிறோம்? பக்கத்தில் ஒரு ஸ்டூல், அதன்மேல் பழைய கம்ப்யூட்டர், கீபோர்டு இடுக்கெல்லாம் மரத்தூள், மவுஸ் நகர்த்த இடமில்லை. அடுத்த ஆசை தொடுதிரைமேல்தான் போகும். கம்பெனி மெஷின்போல முன்னால் ஒரு பேனல், அதில் பளிச்சென்று ஒரு திரை. அந்தப் பேனலை எப்படி அமைப்பது என்பதை மட்டும் இன்று பேசுகிறேன்.

என் கட்சியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கண்ணால் பார்த்துச் செய்கிற வேலையைத் திரைக்குக் கொடுங்கள். கண் டூல் முனையில் இருக்கும்போது கை தானாகச் செய்ய வேண்டிய வேலைக்குப் பொத்தானும் சக்கரமும் வையுங்கள். தொடுதிரை கைக்கு வந்ததும் எல்லாவற்றையும் அதற்குள்ளேயே போட்டுவிடத் தோன்றும். துளை போட வேண்டாம், ஒயர் இழுக்க வேண்டாம், பொத்தான் வாங்க வேண்டாம். அந்தச் சௌகரியம் எந்த இடத்தில் ஆபத்தாகிறது என்று சேர்ந்து பார்ப்போம்.

கொஞ்சம் பின்னால் போகிறேன். 1952-ல் அமெரிக்காவின் எம்ஐடி சர்வோமெக்கானிசம் ஆய்வகத்தில், சின்சினாட்டி ஹைட்ரோ-டெல் என்ற மில்லிங் மெஷினைத் துளையிட்ட நாடாவால் ஓட்டிக் காட்டினார்கள். மிச்சிகன் மாநிலத்தில் ஹெலிகாப்டர் இறக்கை செய்துகொண்டிருந்த ஜான் பார்சன்ஸ், வளைவுகளைத் துல்லியமாக வெட்ட வழி தேடியதில் பிறந்த முயற்சி அது. அதுவரை கைச்சக்கரங்களைத் திருப்பிக்கொண்டிருந்த ஆபரேட்டரின் கையிலிருந்து வெட்டும் வேலை நாடாவுக்குப் போயிற்று. ஆனால் ஜாபைக் கட்டுவது, டூலை அதன் மூலைக்குக் கொண்டுபோய்ப் பூஜ்யம் வைப்பது, சத்தம் மாறினால் நிறுத்துவது, இதெல்லாம் மனிதரிடமே தங்கிவிட்டது. இன்றைக்கும் அப்படித்தான். பேனல் இருப்பதே இந்த மிச்ச வேலைகளுக்காக.

நம்மைப் போன்றவர்கள் வீட்டில் சிஎன்சி கட்ட முடிகிறது என்றால், யாரோ எழுதிய மென்பொருளைத் திறந்த கையோடு கொடுத்ததால்தான். லினக்ஸ்சிஎன்சியின் வேர், அமெரிக்க அரசின் தர நிர்ணய அமைப்பான நிஸ்ட் 1990-களில் உருவாக்கிய இஎம்சி என்ற கட்டுப்பாட்டு நிரல். அது பொதுச் சொத்தாக வெளிவந்தது. தன்னார்வலர்கள் எடுத்து வளர்த்தார்கள். ஆர்டுயினோவில் ஓடும் ஜிஆர்பிஎல் 2009-ல் வந்தது. இந்த இரண்டில் ஒன்றுதான் உங்களில் பலருடைய மெஷினை ஓட்டிக்கொண்டிருக்கும். ஆகவே இன்றைய உதாரணங்களை இவற்றிலிருந்தே எடுத்துக்கொள்கிறேன்.

இனி தொடுதிரை. 1965-ல் இங்கிலாந்தின் மால்வெர்னில் இருந்த ராடார் ஆய்வகத்தில் இ. ஏ. ஜான்சன் என்பவர் தொடுதிரையைப் பற்றி எழுதியபோது, அவர் மனத்தில் இருந்தது விமானப் போக்குவரத்துக் கட்டுப்பாடு. நாற்காலியில் அமர்ந்து நாள் முழுவதும் திரையையே பார்த்துக்கொண்டிருப்பவருடைய கருவி அது. நமது மெஷின்முன் நிற்பவர் டூல் நகரும்போது திரையைப் பார்ப்பதில்லை, பார்க்கவும் கூடாது. அவர் கண் டூல் முனையில் இருக்க வேண்டும். கண்ணாடிப் பரப்பில் விரல் வைத்தால் மேடு பள்ளம் எதுவும் தட்டுப்படாது. எங்கே 'ஸ்டாப்', எங்கே 'ஸ்டார்ட்' என்று விரலுக்குத் தெரியாது. கண் திரும்பிவந்துதான் சொல்ல வேண்டும்.

இதன் விளைவு எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு உலகமே அறிந்த ஒரு நிகழ்ச்சி உண்டு. 2017 ஆகஸ்ட் 21, அதிகாலை. சிங்கப்பூருக்கு அருகே அமெரிக்கக் கடற்படையின் ஜான் எஸ். மெக்கெய்ன் என்ற போர்க்கப்பல் வந்துகொண்டிருந்தது. கப்பலின் திசையும் வேகமும் தொடுதிரைகளில் இருந்தன. சுக்கான் பிடித்தவருக்கு வேலைப்பளு அதிகமாக இருக்கிறது என்று, வேகக் கட்டுப்பாட்டைப் பக்கத்து இருக்கைக்கு மாற்றச் சொன்னார் கப்பலின் தலைவர். மாற்றும்போது சுக்கானும் சேர்ந்து அங்கே போய்விட்டது. சுக்கான் செயலிழந்துவிட்டது என்றே அதைப் பிடித்திருந்தவர் நினைத்தார். வேகத்தைக் குறைத்தார்கள்; ஆனால் இரண்டு பக்கப் புரொப்பெல்லர்களின் கட்டுப்பாடும் திரையில் இணைக்கப்படாமல் தனித்தனியாக இருந்ததால், ஒரு பக்கம் மட்டும் வேகம் குறைந்தது. கப்பல் இடப்பக்கம் திரும்பி, ஆல்னிக் எம்சி என்ற டேங்கர் கப்பலின் பாதையில் போய் நின்றது. 10 மாலுமிகள் இறந்தார்கள். பயிற்சிக் குறைவு உள்படக் காரணங்கள் பல. ஆனால் விசாரணையில் அந்தத் திரை அமைப்பும் கேள்விக்குள்ளாயிற்று. 2019-ல் கடற்படை அந்த வகைக் கப்பல்களில் தொடுதிரை வேகக் கட்டுப்பாட்டை எடுத்துவிட்டு, கையால் தள்ளும் நெம்புகோலுக்கே திரும்புவதாக அறிவித்தது. இரண்டு நெம்புகோல்கள் பக்கத்துப் பக்கத்தில் இருந்தால், ஒன்று முன்னால் ஒன்று பின்னால் இருப்பது இருட்டிலும் உள்ளங்கைக்குத் தெரியும்.

நம் மெஷின் கப்பல் இல்லை என்று சொல்லலாம். ஒரு சின்னக் கணக்குப் போடுங்கள். நிமிடத்துக்கு 3000 மில்லிமீட்டர் வேகத்தில் ஓடும் ரூட்டர் ஒரு நொடியில் 50 மில்லிமீட்டர் போகும். தலையைத் திருப்பி, திரையில் பொத்தானைத் தேடி, விரலை வைக்க ஒரு நொடி ஆகிறது என்றால், டூல் கிளாம்பில் மோதுவதற்கு அந்த 50 மில்லிமீட்டர் தாராளம்.

ஆகவே பேனலில் முதலில் பொருத்த வேண்டியது எமர்ஜென்சி ஸ்விட்ச். ஐஎஸ்ஓ 13850 என்ற உலகத் தரம், அது எப்படி இருக்க வேண்டும் என்று சொல்கிறது: சிவப்பு நிறக் காளான் தலை, பின்னால் மஞ்சள், அழுத்தினால் அழுந்தியபடியே நிற்க வேண்டும், வேண்டுமென்றே திருப்பினாலோ இழுத்தாலோதான் விடுபட வேண்டும். திரையில் சிவப்பு வட்டம் வரைந்து அதற்கு எமர்ஜென்சி என்று பெயர் வைப்பதை இங்கே யாரும் செய்யாதீர்கள், தயவுசெய்து. கான்டாக்ட் எப்போதும் மூடியிருக்கும் வகையாக இருக்கட்டும். அப்போதுதான் ஒயர் அறுந்தாலும், எலி கடித்தாலும், ஸ்க்ரூ தளர்ந்தாலும் மெஷின் நிற்கும். திறந்திருக்கும் வகையைப் போட்டால் ஒயர் அறுந்தது யாருக்கும் தெரியாது. தேவைப்படும் அந்த ஒரு நாளில் ஸ்விட்ச் வேலை செய்யாது.

அந்த ஸ்விட்ச் எதை நிறுத்த வேண்டும்? ஒரு கான்டாக்டர் வழியாக மோட்டார் டிரைவ்களின் சக்தியைத் துண்டிக்க வேண்டும். கம்ப்யூட்டருக்கும் திரைக்கும் மின்சாரம் இருக்கட்டும். என்ன நடந்தது என்று அதில்தான் பார்க்கப்போகிறோம். இன்னொரு கான்டாக்ட் வழியாக மென்பொருளுக்கும் செய்தி போகட்டும். இங்கே இரண்டு இடங்களில் கவனம் வேண்டும். நிமிடத்துக்கு 24,000 சுற்றில் ஓடும் ஸ்பிண்டிலின் வேகத்தைக் கட்டுப்படுத்தும் விஎஃப்டிக்கு மின்சாரத்தை வெட்டினால் ஸ்பிண்டில் உடனே நிற்காது, தன் போக்கில் சுற்றி ஓயும். பிரேக் ரெசிஸ்டர் வைத்து, முதலில் வேகத்தை இறக்கி, நின்ற பிறகு சக்தியைத் துண்டிக்கும் முறைக்கும் தரத்தில் இடமுண்டு. அடுத்தது இசட் அச்சு. பால் ஸ்க்ரூவில் உராய்வு மிகக் குறைவு. கனமான ஸ்பிண்டில் தொங்கினால், மோட்டாரின் பிடிமானம் போன கணத்தில் அது தானாகக் கீழே இறங்கும். ஜாபை அளந்துகொண்டிருக்கும் கை அதன் அடியில் இருக்கலாம். பிரேக் உள்ள மோட்டாரோ, எதிர் எடையோ இல்லாமல் கனமான இசட் அச்சை ஓட்டாதீர்கள்.

எமர்ஜென்சி தவிர, தினம் பயன்படும் நிறுத்தம் வேறு. அதற்கு ஃபீட் ஹோல்ட் என்று பெயர். எமர்ஜென்சியை அழுத்தினால் ஸ்டெப்பர் மோட்டார் நின்ற இடம் மெஷினுக்குத் தெரியாது. மறுபடி ஹோமிங் செய்ய வேண்டும். ஃபீட் ஹோல்ட், வேகத்தை முறையாகக் குறைத்து, இடத்தை மறக்காமல் நிற்கும், ஸ்பிண்டில் சுற்றிக்கொண்டிருக்கும். சத்தம் கொஞ்சம் மாறியதும் எமர்ஜென்சியை அழுத்தினால் ஜாப் வீணாகுமோ என்று கை தயங்கும். ஃபீட் ஹோல்ட் பொத்தான் தனியாக இருந்தால் தயக்கம் இராது. ஜிஆர்பிஎல்லில் இதற்கு ஓர் அழகான ஏற்பாடு இருக்கிறது. சாதாரண ஜி-கோட் வரிகள் வரிசையில் நின்று தன் முறைக்குக் காத்திருக்கும். ஆனால் ஆச்சரியக்குறி என்ற ஒற்றை எழுத்து வந்தால் வரிசையைத் தாண்டி உடனே ஹோல்ட் ஆகும். திரையில் இருந்து நாம் அனுப்புவது அதைத்தான். ஆனால் திரை உறைந்துவிட்டால் ஆச்சரியக்குறியை யார் அனுப்புவது? ஆர்டுயினோ ஊனோவில் ஏ0, ஏ1, ஏ2 என்ற மூன்று பின்களை ரீசெட், ஃபீட் ஹோல்ட், சைக்கிள் ஸ்டார்ட் பொத்தான்களுக்கென்றே ஒதுக்கிவைத்திருக்கிறார்கள். வீட்டில் கட்டிய மெஷின்கள் பலவற்றில் அந்த மூன்று பின்களும் காலியாகக் கிடக்கின்றன. மூன்று பொத்தானும் கொஞ்சம் ஷீல்டு கேபிளும் போதும்.

திரை உறைவதைப் பற்றி இன்னும் சொல்ல வேண்டும், இதைப் பலர் தவறாகப் புரிந்துகொண்டிருக்கிறார்கள். லினக்ஸ்சிஎன்சியில் மோட்டாரை இயக்கும் பகுதி ஒன்று, திரையில் தெரியும் பகுதி வேறு. திரைப் பகுதி உறைந்து நின்றாலும் இயக்கும் பகுதி வெட்டிக்கொண்டே போகும். திரை அசையவில்லை, ஆகவே மெஷினும் நின்றிருக்கும் என்று கை நீட்டினால் என்ன ஆகும் என்று நினைத்துப் பாருங்கள். ஜிஆர்பிஎல்லில் கதை நேர் எதிர். வரி அனுப்பும் கம்ப்யூட்டர் நின்றுபோனால், கைவசம் உள்ள வரிகளை முடித்துவிட்டு அச்சுகள் நிற்கும். ஆனால் ஸ்பிண்டில் சுற்றும். எம்டிஎஃப் பலகைக்குள் ஒரே இடத்தில் நின்று சுற்றும் டூல் முதலில் கருக வைக்கும், பிறகு புகையும், தீயும் பிடிக்கலாம். ஆள் இல்லாமல் ரூட்டரை ஓட்டிவிட்டுச் சாப்பிடப் போகிறவர்கள் இதை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

அடுத்தது ஜாக் செய்வது, அதாவது அச்சுகளைக் கையால் நகர்த்துவது. தொடுதிரைப் பேனல்களில் அதிகம் தொந்தரவு தருவது இதுதான். அம்புக்குறியை அழுத்திப் பிடித்தால் நகரும், விட்டால் நிற்கும் என்று எதிர்பார்க்கிறோம். விண்டோஸில் மாக்3 என்ற மென்பொருளை ஓட்டுகிறவர்களுக்குத் தெரியும்: விரலை ஒரே இடத்தில் அழுத்திப் பிடித்தால், இது வலது கிளிக்கோ என்று கம்ப்யூட்டர் காத்திருக்கும். மெஷின் நகராது. நகரவில்லையே என்று மறுபடி அழுத்துவோம். அமைப்புப் பக்கத்தில் அந்த வசதியை அணைத்துவிட்டால் சரியாகும். அதைவிடப் பெரிய சிக்கல், விரலை எடுத்த செய்தி தொலைந்துபோவது. ஜிஆர்பிஎல்லில் தொடர் ஜாக் என்பது உண்மையில் 'இவ்வளவு தூரம் போ' என்ற ஒரு நீண்ட கட்டளை. விரல் எடுத்ததும் 'ரத்து' என்ற ஒற்றை பைட் போய் அதை நிறுத்துகிறது. யுஎஸ்பி அறுந்தாலோ, வைஃபை வழியாகக் கைபேசியில் ஓட்டும்போது சிக்னல் போனாலோ, அந்த பைட் போகாது. சொன்ன தூரம் முழுக்கப் போய்த்தான் நிற்கும். ஹோமிங் செய்யாத மெஷினில் மென்பொருள் எல்லையும் காப்பாற்றாது. கைபேசியில் தொடர் ஜாக் வேண்டவே வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து. திரையில் ஒரு தொடுதலுக்கு 1, 0.1, 0.01 மில்லிமீட்டர் என்று படிப்படியாக நகரும் ஜாக் மட்டும் இருக்கட்டும்.

மீதிக்குக் கைச்சக்கரம் இருக்கிறது. தையல் மெஷினில் டெய்லர் தையல் தொடங்கும்முன் வலக்கையால் சக்கரத்தை மெல்லத் திருப்பி, ஊசி துணியில் இறங்கும் இடத்தைப் பார்ப்பார், கவனித்திருப்பீர்கள். கண் ஊசியில், கை சக்கரத்தில். டூலைக் காகிதத் தடிமன் அளவுக்கு ஜாபிடம் கொண்டுபோகும்போது நமக்கு வேண்டியது அதுவே. ஒரு சுற்றுக்கு 100 கிளிக் உள்ள எம்பிஜி சக்கரம் வாங்குங்கள். ஒவ்வொரு கிளிக்கும் விரலுக்குத் தெரியும். எத்தனை கிளிக் திருப்பினோம் என்று கண் பார்க்காமலே எண்ணலாம். மாட்டும்போது ஒன்று கவனியுங்கள். ஒரு கிளிக்குக்கு நான்கு துடிப்பாக எண்ணும் பழக்கம் என்கோடருக்கு உண்டு. லினக்ஸ்சிஎன்சியில் அந்த நான்கு மடங்கு எண்ணிக்கையை அணைக்க வேண்டும், அல்லது அளவை நான்கால் வகுக்க வேண்டும். இல்லாவிட்டால் 0.01 என்று நம்பித் திருப்பும் ஒரு கிளிக்குக்கு டூல் 0.04 இறங்கும்.

இந்தப் பங்கீட்டைப் புரிந்துகொண்டு எழுதப்பட்ட ஒரு முகப்பு லினக்ஸ்சிஎன்சியிலேயே இருக்கிறது. டச்சி என்று பெயர். கீபோர்டும் மவுஸும் இல்லாமல் ஓட வேண்டும் என்பதற்காகச் செய்தது. அதே சமயம், சைக்கிள் ஸ்டார்ட், அபார்ட், சிங்கிள் பிளாக், கைச்சக்கரம் ஆகியவை வெளியே நிஜப் பொருளாக இருக்கும் என்று வைத்துக்கொண்டே அது எழுதப்பட்டது. தோற்றம் எளிமையாக இருக்கும். கண்ணுக்கு இன்னும் நிறைவாக வேண்டும் என்றால் ஜிமொக்காப்பி இருக்கிறது, க்யூடிடிராகன் இருக்கிறது. எதை எடுத்தாலும் முதல் பக்கத்தில் என்ன தெரிகிறது என்று பாருங்கள். அச்சுகளின் இடம் இரண்டு மீட்டர் தள்ளி நின்றாலும் படிக்கும் அளவில் தெரிய வேண்டும். எந்த டூல், எந்தப் பூஜ்யம் நடப்பில் இருக்கிறது, ஜி54-ஆ ஜி55-ஆ, அடுத்த வரி என்ன, இவை எப்போதும் தெரிய வேண்டும். தவறான பூஜ்யத்தில் ஸ்டார்ட் அழுத்தி டூல் உடைவதைத் தடுக்கத் திரையைவிட நல்ல கருவி கிடையாது. திரையின் பெருமை இங்கேதான். பொத்தான்களால் இதைச் செய்யவே முடியாது.

திரையின் அளவுக்கு வருவோம். ராஸ்பெரி பையின் முதல் 7 அங்குலத் திரை, 800-க்கு 480 புள்ளி. காட்சிப் பரப்பின் அகலம் சுமார் 154 மில்லிமீட்டர். மில்லிமீட்டருக்கு ஐந்து புள்ளிக்குச் சற்று அதிகம். எண்ணெய் பட்ட விரல் சரியாகப் பட வேண்டுமானால் பொத்தான் 15 மில்லிமீட்டருக்குக் குறையக் கூடாது என்பது என் அளவு. அதாவது ஏறத்தாழ 80 புள்ளி. அந்த அகலத்தில் இடைவெளி விட்டு எட்டுப் பொத்தான் வரிசையாக வைத்தாலே நிறைந்துவிடும். எண்களைப் பெரிதாகக் காட்ட இடம் வேண்டுமே! மேசைமேல் வைக்கும் சின்ன எங்கிரேவருக்கு 7 அங்குலம் போதும்; மில்லிங் மெஷினுக்கு 15 அங்குலத்துக்குப் போங்கள்.

ரெசிஸ்டிவ் திரையா, கெப்பாசிடிவ் திரையா என்று கேட்பீர்கள். கூலண்ட் தெறிக்கும் மெஷினுக்கு ரெசிஸ்டிவ். அழுத்தத்தால் வேலை செய்வது அது. கெப்பாசிடிவ் திரையில் ஒரு சொட்டுத் தண்ணீரே விரலாகத் தெரியலாம். உலர்ந்த மரத்தூள் மட்டும் என்றால் கெப்பாசிடிவ் போதும், துடைப்பது சுலபம். ரெசிஸ்டிவில் கையுறை போட்டுக்கொண்டே தொடலாம் என்று கடைக்காரர் சொல்வார். சுற்றும் ஸ்பிண்டில் அருகே கையுறையோடு நிற்கவே கூடாது. துணி சிக்கினால் கையையும் இழுத்துக்கொண்டு போகும். அந்தக் காரணத்துக்காக எந்தத் திரையையும் வாங்காதீர்கள்.

விஎஃப்டியின் மின் இரைச்சல் திரைக்கு முதல் எதிரி. ஸ்பிண்டில் ஓடத் தொடங்கியதும் யாரும் தொடாமலே திரை தானாக அழுந்துகிறதா, யுஎஸ்பி அறுந்து அறுந்து சேர்கிறதா, முதலில் ஸ்பிண்டில் கேபிளைப் பாருங்கள். ஷீல்டு கேபிள் போட்டு ஷீல்டை எர்த்தில் சேர்த்து, திரையின் கேபிளை அதிலிருந்து விலக்கிக் கொண்டுபோங்கள். இரண்டையும் ஒரே குழாயில் அடைத்துவிட்டு மென்பொருளைக் குறை சொல்வது வழக்கமாக நடக்கிறது.

மென்பொருள் அமைப்பில் சில சின்ன விஷயங்களை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். திரையைச் செங்குத்தாக வைத்துப் படத்தைத் திருப்பினால், தொடும் புள்ளி தானாகத் திரும்பாது. லினக்ஸில் ஒன்பது எண் கொண்ட ஒரு அணியை அதற்குத் தனியாகக் கொடுக்க வேண்டும். இரண்டாவது மானிட்டர் மாட்டினால், தொடுதல் இரண்டு திரைக்கும் பரவி இடம் மாறும். எந்தத் திரைக்கு என்று கட்டிவையுங்கள். கொஞ்ச நேரம் சும்மா இருந்தால் திரை அணையும் வசதியைக் கட்டாயம் நிறுத்துங்கள். அணைந்த திரையை எழுப்பத் தொடுகிற விரலுக்கு அடியில் எந்தப் பொத்தான் இருந்தது என்று தெரியாது, அந்தத் தொடுதல் அதற்குப் போய்ச் சேரலாம். தானியங்கி அப்டேட், மேலே வந்து மறைக்கும் அறிவிப்புகள் எல்லாவற்றையும் அணைத்துவிடுங்கள். பொத்தான்மேல் என்ன எழுதுவது என்றால், உங்கள் பட்டறையில் வாயில் வருவதைத் தமிழில் எழுதுங்கள். 'ஸ்டார்ட்', 'ஹோல்ட்', 'ஹோம்' என்றுதானே சொல்கிறோம்? அதுவே போதும்.

பேனலை எங்கே மாட்டுவது? திரையைத் தொடப் போகும் கை டூலைத் தாண்டிப் போகக் கூடாது, சிப் தெறிக்கும் நேர்கோட்டிலும் பேனல் இருக்கக் கூடாது. எமர்ஜென்சி ஸ்விட்ச் பேனலில் ஒன்று, மெஷினின் மறுபக்கத்தில் ஒன்று என்று தொடராக இரண்டு வையுங்கள். பின்பக்கம் நின்று ஜாபைக் கட்டும்போது முன்பக்க ஸ்விட்ச் எட்டாது.

எல்லாம் மாட்டிய பிறகு, முதல் ஜாப் வெட்டும்முன் மெஷினைக் காற்றில் ஓட்டி, வேண்டுமென்றே கெடுத்துப் பாருங்கள். முழு வேகத்தில் ஓடும்போது திரையின் யுஎஸ்பியைப் பிடுங்குங்கள். என்ன நடக்கிறது என்று எழுதிவையுங்கள். கம்ப்யூட்டரிலிருந்து கட்டுப்பாட்டுக் கார்டுக்குப் போகும் கேபிளைப் பிடுங்குங்கள். மெசா போன்ற கார்டுகளில் வாட்ச்டாக் இருக்கிறது. கம்ப்யூட்டரிடமிருந்து பேச்சு நின்றால் சில மில்லிநொடிகளில் வெளியீடுகளை அணைத்துவிடும். பேரலல் போர்ட்டில் ஓட்டுகிறவர்கள் சார்ஜ் பம்ப் என்ற சின்ன சர்க்யூட்டைச் சேர்த்தால் அதே காவல் கிடைக்கும்: மென்பொருள் உயிரோடிருந்து துடிப்பு அனுப்பும் வரைதான் ரிலே பிடித்திருக்கும். எமர்ஜென்சியின் ஒரு ஒயரைக் கழற்றிப் பாருங்கள், மெஷின் நிற்க வேண்டும். பிறகு கண்ணை மூடிக்கொண்டு ஃபீட் ஹோல்ட் பொத்தானைக் கையால் தேடி அழுத்துங்கள். விரல் தடுமாறினால் பொத்தான் தப்பான இடத்தில் இருக்கிறது. தகடு வெட்டியாகிவிட்டதே என்று பார்க்காமல் மாற்றுங்கள். இதற்காகவே முதல் பேனலை நான் அலுமினியத்தில் செய்யச் சொல்வதில்லை. ஒரு ஹார்ட்போர்டு துண்டில் துளை போட்டு ஒரு மாதம் ஓட்டுங்கள், கை சொல்கிற இடத்துக்குப் பொத்தான்கள் நகரட்டும். அதன் பிறகு உங்கள் மெஷினிலேயே அலுமினியத் தகட்டை வெட்டிக்கொள்ளலாம். அப்படி வெட்டும்போது 22 மில்லிமீட்டர் துளை இரண்டைக் கூடுதலாகப் போட்டு மூடிவையுங்கள். டூல் நீளம் அளக்கும் ப்ரோபும், தூசி உறிஞ்சும் மோட்டாரும் பிற்பாடு வந்து சேரும். அவற்றுக்கும் பொத்தான் வேண்டியிருக்கும்.